அகார் ஜெல்லில் எழும் வெண்கோடு

உடலுக்குள் புகும் ஓர் அயற்பொருள் தனக்கெதிரான குறிப்பிட்ட புரதங்களை உருவாக்கும்படி உடலைத் தூண்டுமானால், அப்பொருள் ஆன்டிஜென் எனப்படுகிறது. அவ்வாறு உருவாகிச் சீரத்தில், அதாவது உறைந்த குருதியிலிருந்து பிரியும் தெளிந்த நீர்மத்தில், கலந்து நிற்கும் புரதங்கள் எதிர்ப்பொருள்கள் எனப்படுகின்றன. கரைந்த நிலையிலுள்ள ஓர் ஆன்டிஜெனை அதற்குரிய எதிர்ப்பொருளுடன் கண்ணாடிக் குழாயில் கலக்கும்போது, தெளிவாக இருந்த நீர்மம் கலங்கி, நேரம் செல்லச் செல்ல அடியில் வெண்ணிற வீழ்படிவு தங்குகிறது. வியன்னாவில் பணியாற்றிய ருடால்ஃப் கிரவுஸ் 1897இல் காலரா, டைஃபாய்டு, பிளேக் ஆகிய நோய்களின் பாக்டீரியாக்களை வளர்த்து வடிகட்டிய நீர்மங்களை அந்தந்த நோய்க்குரிய சீரத்துடன் சேர்த்தபோது இந்த வீழ்படிவைக் கண்டு பதிவு செய்தார். அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள், மனிதக் குருதிக் கறையை விலங்குக் குருதியிலிருந்து பிரித்தறியும் முறையை இதே வினையைக் கொண்டு ஜெர்மனியில் பால் ஊலன்ஹூத் வகுத்தார். ஆயினும் இவ்வினையின் முழு ஆற்றல் வெளிப்பட்டது, அது நீர்மத்தை விட்டு ஜெல்லுக்குள் குடிபெயர்ந்த பிறகே. ஜெல்லில் நிகழ்வது என்ன, அங்கு எழும் கோட்டை எவ்வாறு படிப்பது, அதைத் தவறாகப் படிக்க நேர்வது எதனால் என்பவையே இச்சொற்பொழிவின் பொருள்.

வீழ்படிவு உண்டாவதற்கு இரு பொருள்களும் ஓரிடத்தில் இருந்தால் மட்டும் போதாது. அவை தக்க விகிதத்திலும் இருக்க வேண்டும். நியூயார்க்கில் மைக்கேல் ஹைடல்பெர்கரும் ஃபாரஸ்ட் கெண்டலும், நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாவின் உறைப்பொருளை ஆன்டிஜெனாகக் கொண்டு, வீழ்படிவை வேதியியல் முறையில் துல்லியமாக அளந்து காட்டிய உண்மை இது: எதிர்சீரத்தின், அதாவது எதிர்ப்பொருள் கொண்ட சீரத்தின், அளவை மாற்றாமல் ஆன்டிஜெனை மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், வீழ்படிவு முதலில் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பின்னர் குறைந்து, ஆன்டிஜென் மிக அதிகமாகும்போது ஏறக்குறைய இல்லாமலே போகிறது. இதற்கான விளக்கத்தை 1934இல் ஜான் மாரக் அளித்தார். ஐஜிஜி என்னும் வகையைச் சேர்ந்த எதிர்ப்பொருள் மூலக்கூறுக்குப் பற்றும் கைகள் இரண்டு. ஆன்டிஜென் மூலக்கூறின் மேற்பரப்பிலோ பற்றப்படும் இடங்கள் பல. இரண்டும் தக்க விகிதத்தில் இருக்கும்போது ஓர் எதிர்ப்பொருள் இரு ஆன்டிஜென்களை இணைக்க, ஒவ்வோர் ஆன்டிஜெனும் பல எதிர்ப்பொருள்களால் பற்றப்பட, முடிச்சுகளும் நூல்களுமாக மீன்வலை விரிவதுபோல ஒரு பின்னல் வளர்ந்து, நீரில் மிதக்க இயலாத அளவுக்குப் பெருத்துக் கீழே படிகிறது. எதிர்ப்பொருள் மிகுந்தால் ஒவ்வோர் ஆன்டிஜெனும் முழுவதும் மூடப்பட்டுவிடுவதால் அடுத்த மூலக்கூறுடன் இணைய இடமில்லை. ஆன்டிஜென் மிகுந்தால் எதிர்ப்பொருளின் இரு கைகளும் தனித்தனி மூலக்கூறுகளால் நிரம்பிவிடுவதால் பின்னல் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. இவ்விரு மிகைகளுக்கும் இடையிலுள்ள தகுநிலைதான் சமநிலைப் பகுதி எனப்படுகிறது.

நீர்மத்தில் செய்யப்படும் சோதனையின் குறை இங்கேதான் தெரிகிறது. சமநிலைப் பகுதி எங்குள்ளது என்பதை அறிய, பல குழாய்களில் பலவகை விகிதங்களைக் கலந்து பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, சீரத்தில் பத்து ஆன்டிஜென்கள் இருந்து பத்தும் வினைபுரிந்தாலும் கண்ணுக்குத் தெரிவது ஒரே கலங்கல்தான் என்பது. எத்தனை பொருள்கள் வினைபுரிந்தன என்றும், இரு மாதிரிகளில் இருப்பது ஒரே பொருள்தானா என்றும் அந்தக் கலங்கல் சொல்வதில்லை. ஜெல் இவ்விரு குறைகளையும் ஒருசேரத் தீர்த்தது. இரு பொருள்களும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து மெல்லப் பரவி வரும்போது, அவற்றுக்கிடையே எல்லா விகிதங்களும் இடத்துக்கு இடம் மாறி இயல்பாகவே அமைந்துவிடுகின்றன. அவற்றுள் தக்க விகிதம் வாய்த்த இடத்தில் மட்டும் பின்னல் எழுந்து கோடாகிறது. எனவே ஜெல்லில் தெரியும் கோடு பொருள் இருப்பதைக் காட்டுவதோடு, அப்பொருள் எந்த விகிதத்தில் எங்கே சந்தித்தது என்பதையும் காட்டுகிறது; இம்முறையின் நுட்பம் அனைத்தும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கிறது.

ஜெல்லில் வீழ்படிவு வினையை முதலில் நிகழ்த்தியவருள் ஹைன்ரிக் பெக்ஹோல்ட் ஒருவர். 1905இல் அவர் பயன்படுத்தியது ஜெலட்டின். விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் பெறப்படும் அது வெயில் காலத்து அறை வெப்பத்திலேயே உருகிவிடக்கூடியது; ஆகவே பிற்காலத்தில் அகார் அந்த இடத்தைப் பிடித்தது. செம்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் அகார், தமிழ்நாட்டு இல்லங்களில், குறிப்பாக நோன்புக் காலத்தில், கடல்பாசி என்ற பெயரில் இனிப்பாகச் சமைக்கப்படும் அதே பொருள்தான். மன்னார் வளைகுடாக் கரையில் மீனவப் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் இந்திய அகார் ஆலைகளின் மூலப்பொருள்களாக இருந்து வந்துள்ளன. அகாரின் தனித்தன்மை, அது உருகும் வெப்பநிலையும் உறையும் வெப்பநிலையும் வெகுவாக வேறுபடுவது: ஏறத்தாழ 85 டிகிரி செல்சியஸில் உருகும் அது, 40 டிகிரிக்கு அருகில் வந்த பிறகே உறைகிறது. இதனால், உருகிய அகாரைப் புரதங்கள் கெடாத வெப்பநிலைக்கு ஆறவைத்து, நீர்மமாக இருக்கும்போதே எதிர்சீரத்தை அதில் கலக்க முடிகிறது. நூற்றுக்கு ஒரு பங்கு அகாரும் ஏனையது உப்புநீருமாக உள்ள ஜெல்லில், பாசியின் சர்க்கரைச் சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு அமைக்கும் சட்டகத்தின் துளைகள் நூறு நானோமீட்டர் அளவில் இருக்க, எதிர்ப்பொருள் மூலக்கூறோ பத்து நானோமீட்டரைச் சற்றே தாண்டுவது. எனவே அது நீரில் செல்வதுபோலவே ஏறக்குறையத் தடையின்றிச் செல்கிறது. ஜெல் தடுப்பது மூலக்கூறுகளின் நகர்வை அன்று, நீரோட்டத்தை. வெப்ப வேறுபாட்டாலோ அசைவாலோ எழும் கலக்கம் ஜெல்லுக்குள் நிகழ்வதில்லை. பெரும் பின்னலாக மாறிவிட்ட வீழ்படிவும் துளைகளில் சிக்கித் தோன்றிய இடத்திலேயே நின்றுவிடுகிறது.

எஞ்சியிருக்கும் ஒரே இயக்கம் விரவல். செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குப் பொருள் தானாகப் பரவும் இந்நிகழ்வின் விதியை அடால்ஃப் ஃபிக் 1855இல் வகுத்தார். மூலக்கூறு ஒவ்வொன்றும் நீர் மூலக்கூறுகளின் மோதலால் திசையின்றித் தடுமாறுவதால், அது கடக்கும் தொலைவு காலத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப வளர்கிறது. இரு மடங்கு தொலைவு செல்ல நான்கு மடங்கு காலம் தேவைப்படுகிறது. ஐஜிஜியின் விரவல் எண் நொடிக்குச் சுமார் 4×10⁻⁷ சதுர செ.மீ. என்பதிலிருந்து கணக்கிட்டால், ஒரு நாளில் அது சராசரியாகப் பரவும் தொலைவு 2.6 மி.மீ. அளவிலும், நான்கு நாள்களில் 5.3 மி.மீ. அளவிலும் அமைகிறது. இரண்டாம் நாள் பார்வையிடுவது, குழிகளைச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் தோண்டுவது, தட்டை ஈரம் காக்கும் பெட்டியில் வைப்பது என்று ஆய்வகங்களில் நிலைபெற்ற வழக்கங்கள் யாவும் இக்கணக்கின் விளைவுகளே. சிறிய மூலக்கூறான ஆல்புமின் ஐஜிஜியை விட வேகமாகவும், ஐந்து அலகுகள் சேர்ந்த பெரிய எதிர்ப்பொருளான ஐஜிஎம் மிக மெதுவாகவும் செல்வதால், யார் எவ்வளவு முன்னேறினார் என்பது மூலக்கூறின் பருமனைப் பற்றியும் பேசுகிறது.

இவ்விதியைச் சோதனைக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஜாக் ஊடான். 1946இல் அவர் வெளியிட்ட முறையில், எதிர்சீரம் கலந்த ஜெல் ஒரு குறுகிய குழாயில் உறைந்திருக்க, அதன் மேல் ஆன்டிஜென் கரைசல் ஊற்றப்படுகிறது. ஆன்டிஜென் கீழிறங்கும்போது ஒரு வெண்பட்டை தோன்றுகிறது. அப்பட்டை ஓரிடத்தில் நிற்பதில்லை. மேலிருந்து தொடர்ந்து வரும் ஆன்டிஜென் மிகையாவதால் பட்டையின் பின்பக்கம் கரைய, முன்பக்கம் புதிய எதிர்ப்பொருளைச் சந்தித்து மீண்டும் படிய, பட்டை முழுவதும் நகர்வதுபோல் தோன்றுகிறது. அது கடந்த தொலைவைக் காலத்தின் வர்க்கமூலத்திற்கு எதிராகக் குறித்தால் நேர்கோடு கிடைக்கிறது. பல ஆன்டிஜென்கள் இருந்தால் ஒவ்வொன்றும் தன் செறிவுக்கும் விரவல் வேகத்திற்கும் ஏற்பத் தனிப் பட்டையை இட்டு, மற்றதைப் பொருட்படுத்தாமல் செல்கிறது. நீர்மத்தில் ஒரே கலங்கலாகத் தெரிந்தவற்றை எண்ணிப் பார்க்க முடிந்தது இதனால்தான். எதிர்ப்பொருள்களே ஒரே இனத்து விலங்குகளுக்குள் பரம்பரையாக வேறுபடுகின்றன என்பதை ஊடான் 1956இல் முயல்களில் கண்டறிந்ததற்கும், ஜெல்லில் பழகிய அவருடைய கண் துணைநின்றது.

இரு பொருள்களும் நகரும் முறை, அதாவது இரட்டை விரவல், 1948ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்வீடனில் ஊர்யான் ஊக்டர்லோனியாலும் லண்டனில் ஸ்டீபன் எலெக்காலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. இருவரையும் அவ்வழியில் செலுத்தியது ஒரே வினா: தொண்டை அடைப்பான் நோயின் பாக்டீரியாவை ஒரு நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்தால், அது நச்சை உண்டாக்கும் வகையா, உண்டாக்காத வகையா? எலெக் முறையில், நச்செதிர் சீரத்தில் நனைத்த வடிதாள் துண்டு அகார் தட்டில் பதிக்கப்பட்டு, அதற்குக் குறுக்காகப் பாக்டீரியா கீறி வளர்க்கப்படுகிறது. நச்சு சுரந்தால், தாளிலிருந்து வரும் எதிர்ப்பொருளும் கீற்றிலிருந்து வரும் நச்சும் சந்திக்கும் இடத்தில் சாய்வான கோடு எழுகிறது. நச்சுக்குரிய மரபணுவை மூலக்கூறு முறையில் சில மணி நேரத்திலேயே கண்டறிய முடிகிற இக்காலத்திலும் எலெக் சோதனை கைவிடப்படாதிருப்பதற்கு வலுவான காரணம் உண்டு: அந்த மரபணு இருந்தும் நச்சை உண்டாக்காத பாக்டீரியாக்கள் இருக்கின்றன, நச்சு உண்மையில் வெளிவருகிறதா என்பதற்குச் சான்று அந்தக் கோடுதான்.

ஊக்டர்லோனியின் தட்டில் குழிகள் பல. நடுக்குழியில் எதிர்சீரமும் சுற்றியுள்ள குழிகளில் ஒப்பிட வேண்டிய ஆன்டிஜென்களும் இடப்படும்போது, அடுத்தடுத்த கோடுகள் ஒன்றையொன்று தொடும் விதத்தில்தான் செய்தி அடங்கியுள்ளது. இரு குழிகளிலும் ஒரே ஆன்டிஜென் இருந்தால் கோடுகள் இணைந்து தொடர்ச்சியான வளைவாகின்றன. தொடர்பற்ற இரு ஆன்டிஜென்களாக இருந்தால் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. ஒன்று மற்றதன் பண்புகளில் சிலவற்றை மட்டும் பெற்றிருந்தால், கோடுகள் இணைந்தபின் ஒரு சிறு நீட்சி மட்டும் முள்ளைப்போல் தனித்து வெளியேறுகிறது. கோழி முட்டையின் வெண்கருப் புரதத்திற்கு எதிராகப் பெற்ற சீரத்தை வைத்துக் கோழி முட்டையையும் வாத்து முட்டையையும் ஒப்பிடும்போது தோன்றுவது இத்தகைய வடிவமே. இதன் காரணத்தைச் சற்று நின்று நோக்குவது தகும். வீழ்படிவுக் கோடு ஒரு சுவர் என்று எண்ணினால், அது எல்லா மூலக்கூறுகளையும் நிறுத்த வேண்டும், அவ்வாறு நிறுத்துவதில்லை. தன்னை உருவாக்கிய ஆன்டிஜெனையும் எதிர்ப்பொருளையும் மட்டுமே அது பற்றி நிறுத்துகிறது, தொடர்பற்றவை தடையின்றிக் கடந்து போகின்றன. வாத்து முட்டைப் புரதம் பற்றக்கூடிய எதிர்ப்பொருள்கள் அதன் கோட்டில் தங்கிவிட, கோழிப் புரதத்தை மட்டும் அறிந்த எதிர்ப்பொருள்கள் அக்கோட்டைக் கடந்து சென்று அப்பால் கோழிப் புரதத்தைச் சந்திக்கின்றன. முள் எழுவது அந்தச் சந்திப்பால்தான். அதனால் முள் எப்போதும் பண்பு குறைந்த ஆன்டிஜெனின் குழியை நோக்கியே நீள்கிறது. நூறாயிரம் டால்டன் எடைகொண்ட புரதங்களின் உருவ ஒற்றுமையை வெறுங்கண்ணால் ஒப்பிட இத்தனை எளிய வேறு வழி அக்காலத்தில் இருந்ததில்லை என்றே சொல்ல வேண்டும்.

கோட்டின் இருப்பிடமும் வளைவும் கூடப் பொருள் உடையவை. செறிவு குறைந்த பொருள் அதிகத் தொலைவு செல்ல இயலாததால் கோடு அதன் குழிக்கு அருகில் விழுகிறது; இரு பொருள்களின் விரவல் வேகமும் ஒத்திருந்தால் கோடு நேராகவும், ஒன்று மெதுவாகச் செல்வதாயின் அதன் குழியை அணைத்தாற்போல் வளைந்தும் அமைகிறது. ஆனால் படிப்பவர் ஏமாறும் இடங்களும் உண்டு. தட்டின் வெப்பநிலை இடையில் மாறினாலோ, குழி வற்றியபின் மீண்டும் நிரப்பப்பட்டாலோ ஒரே ஆன்டிஜென் இரு கோடுகளை இடக்கூடும். இரண்டு ஆன்டிஜென்கள் ஒரே இடத்தில் சமநிலை எய்தி ஒரே கோடாகத் தெரியவும் கூடும். ஆகவே கோடுகளின் எண்ணிக்கை ஆன்டிஜென்களின் எண்ணிக்கைக்குச் சமம் என்று துணிவது பிழை. ஜெல்லில் தேவைப்படும் உப்பின் அளவும் விலங்கின் இனத்துக்கு இனம் மாறுபடுகிறது: முயலின் எதிர்ப்பொருள் குருதிக்கு நிகரான உப்புநீரில் நன்கு படிய, கோழியின் எதிர்ப்பொருளோ நூற்றுக்கு எட்டு அளவான கடும் உப்பிலேயே சிறப்பாகப் படிகிறது. இதை அறியாமல் கோழிச் சீரத்தைச் சோதித்தவர், இருந்த எதிர்ப்பொருளையே இல்லை என்று முடிவு செய்திருக்கலாம்.

அளவறியும் முறையாக ஜெல் வளர்ந்தது 1965இல், மான்சினி, கார்போனாரா, ஹெரமன்ஸ் ஆகிய மூவர் வழியே. எதிர்சீரம் சீராகக் கலந்த மெல்லிய ஜெல்லில் ஒரு வட்டக் குழி. அதில் அளந்து இடப்பட்ட ஆன்டிஜென் எல்லாப் பக்கமும் விரவி ஒரு வளையத்தை உண்டாக்குகிறது. வளையம் வளர்ந்து முடிந்து நின்றபின், அதன் விட்டத்தின் வர்க்கம் ஆன்டிஜெனின் செறிவுக்கு ஏற்ப நேர்கோட்டில் உயர்கிறது. செறிவு அறிந்த சில மாதிரிகளை அதே தட்டில் இட்டு ஒரு வரைகோடு பெற்றால், ஓர் அளவுகோலைக் கொண்டே குருதியிலுள்ள எதிர்ப்பொருள் வகைகளின் அளவைச் சொல்லிவிட முடிந்தது. இதற்கும் விரவலே எல்லை வகுக்கிறது: சில நோய்களில் ஐஜிஎம் ஐந்தலகாகச் சேராமல் ஒற்றை அலகாகவே குருதியில் இருப்பதுண்டு; அந்தச் சிறு மூலக்கூறு வேகமாக விரவிப் பெரிய வளையத்தை இட்டு, உண்மையை மீறிய அளவைக் காட்டிவிடும்.

மின்புலத்தில் புரதங்கள் தம் மின்னூட்டத்திற்கேற்ப வெவ்வேறு தொலைவு நகர்வது எலெக்ட்ரோஃபோரெசிஸ் எனப்படுகிறது. இதை விரவலுடன் இணைத்து, முதலில் சீரத்தை மின்புலத்தில் பிரித்துப் பின்னர் பக்கவாட்டில் எதிர்சீரத்தை விரவவிடும் முறையைக் கிராபாரும் வில்லியம்ஸும் 1953இல் அமைக்க, லாரெல் 1966இல் ஆன்டிஜெனை எதிர்சீர ஜெல்லுக்குள்ளேயே மின்புலத்தால் செலுத்தி, செறிவுக்கேற்ப உயரும் கூம்புகளைப் பெற்றார். இவற்றின் விரிவு தனிச் சொற்பொழிவுக்குரியது.

ஜெல் முறையின் வரலாற்றில் மிகப் பெரிய பயன் விளைந்தது, அதைத் தேடாத ஓர் ஆய்விலிருந்து. பாருக் பிளம்பெர்க் அமெரிக்காவில் குருதிப் புரதங்களின் பரம்பரை வேறுபாடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். பலமுறை குருதி ஏற்றிக்கொண்டவர்களின் உடல், தம்மிடம் இல்லாத புரத வகைகளுக்கு எதிர்ப்பொருள்களை உருவாக்கியிருக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. ஆகவே அத்தகையவர்களின் சீரத்தை ஒரு குழியிலும், உலகின் பல மக்கள் கூட்டத்தாரிடமிருந்து பெற்ற சீரங்களை எதிர்க்குழிகளிலும் இட்டு இரட்டை விரவல் செய்தார். 1963இல், ஹார்வி ஆல்டருடன் இணைந்து ஹீமோஃபீலியா நோயாளிகளின் சீரத்தை, அதாவது குருதி உறையாக் குறையுடையவர்களின் சீரத்தைச் சோதித்தபோது, ஒரு நோயாளியின் சீரம் 24 சீரங்கள் கொண்ட தொகுப்பில் ஒன்றே ஒன்றுடன் மட்டும் கோடிட்டது. அது ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரம். அதற்குமுன் அவர் கண்டிருந்த கோடுகள் கொழுப்பைச் சாயமேற்றும் சூடான் கருப்பை நன்கு ஏற்றவை. இக்கோடு அதை ஏற்காமல், புரதத்தைக் காட்டும் அசோகார்மினில் சிவந்தது. இப்படித்தான் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்ற பெயர் எழுந்தது.

இப்பொருள் அமெரிக்காவில் நலமுடையோரிடம் அரிதாகவும், லுகேமியா நோயாளிகளிடமும் விடுதிகளில் வாழ்ந்த டவுன் நோய்க்குறியுடையோரிடமும் அடிக்கடியும், வெப்பமண்டல நாடுகள் பலவற்றிலும் ஆசியாவிலும் பரவலாகவும் காணப்பட்டது. பரம்பரைப் பண்பு என்று கருதப்பட்டதற்கு மாறாக, முன்பு இல்லாதிருந்த ஒருவரிடம் அது புதிதாகத் தோன்றியதும் அதே காலத்தில் அவருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதும் ஆய்வைத் திருப்பிவிட்டன. 1968 அளவில் டோக்கியோவில் ஒகோச்சியும் நியூயார்க்கில் பிரின்ஸும் தத்தம் வழியில் கல்லீரல் அழற்சியுடனான அதே தொடர்பைக் கண்டறிய, அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதம் என்பது தெளிவாயிற்று. 1976இல் பிளம்பெர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. நுண்ணுணர்வு குறைந்த ஜெல் முறையால் ஒரு வைரஸைக் காண முடிந்தது எப்படி என்ற வினா இயல்பாக எழும். இந்த வைரஸ் தன்னை மட்டும் பெருக்கிக்கொள்வதில்லை. உள்ளீடற்ற வெறும் மேற்பரப்புத் துகள்களை, சுமார் 22 நானோமீட்டர் அளவில், முழு வைரஸ்களைப் பல மடங்கு மிஞ்சும் எண்ணிக்கையில் குருதியில் கொட்டுகிறது. ஒவ்வொரு துகளிலும் பற்றுமிடங்கள் பல. பின்னலுக்கு இதைவிடத் தகுந்த பொருள் அமைவது அரிது. ஆயினும் துகள் குறைவாக உள்ள குருதியில் கோடு எழுவதில்லை; 1970களின் தொடக்கத்தில் குருதிக் கொடையாளரைச் சோதிக்க இம்முறை பயன்பட்டபோது தொற்றுடைய பலர் தப்பிவிட்டதற்கும், கதிரியக்கக் குறியிட்ட நுண்ணிய சோதனைகள் விரைவில் அதன் இடத்தைப் பிடித்ததற்கும் காரணம் அதுவே. கோடு இருப்பது சான்று. கோடு இல்லாதது சான்றன்று.

ஒரே உயிரணுவின் வழித்தோன்றல்களிலிருந்து பெறப்படும் ஒற்றைவகை எதிர்ப்பொருள்கள் 1975க்குப் பின் ஆய்வகங்களில் பெருகியதும் ஜெல் முறை பின்னடைந்ததற்கு ஒரு காரணம்: அவை ஆன்டிஜெனின் ஒரே இடத்தை மட்டும் பற்றுவதால், பெரும்பாலும் பின்னல் வளர்வதில்லை, கோடும் எழுவதில்லை. விலங்கின் சீரத்தில் பலவகை எதிர்ப்பொருள்கள் கலந்திருப்பதைக் குறையாகக் கருதுவோர், ஜெல்லில் அதுவே வலிமை என்பதை மறந்துவிடக் கூடாது. கால்நடை மருத்துவத்தில் இம்முறை இன்றும் வாழ்கிறது. குதிரைகளின் தொற்றுக் குருதிச்சோகை நோய்க்கு லெராய் காகின்ஸ் 1970ஐ ஒட்டிக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய அகார் விரவல் சோதனை, பல நாடுகளில் குதிரைகள் எல்லை கடக்க இன்னும் தேவைப்படும் சான்றாக உள்ளது.

மனித மருத்துவத்தில் இதன் உறுதியான இருப்பிடம் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசித் தொழில். வழக்கமான ஊசி மருந்தளவில் ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் 15 மைக்ரோகிராம் ஹீமக்ளூட்டினின், அதாவது வைரஸ் செல்லைப் பற்ற உதவும் மேற்பரப்புப் புரதம், இருக்க வேண்டும் என்பது விதி. அந்த 15 மைக்ரோகிராமை உறுதிசெய்வது 1970களின் பிற்பகுதியில் நடைமுறைக்கு வந்த, மான்சினி வகை வளையமே. புரதத்தின் மொத்த எடையை அளக்க வேகமான வேதியியல் முறைகள் பல இருக்க, இரண்டு நாள் காத்திருந்து வளையத்தின் விட்டத்தை அளப்பதற்குக் காரணம், உருச்சிதைந்த ஹீமக்ளூட்டினின் அந்த எதிர்சீரத்துடன் சரிவர வினைபுரிவதில்லை என்பது; நோயெதிர்ப்பைத் தரவல்ல, உரு கெடாத புரதத்தை மட்டுமே வளையம் கணக்கில் எடுக்கிறது. இதற்கு ஈடாக ஒரு சுமையும் உண்டு. வைரஸ் வகை மாறும்போதெல்லாம் செம்மறியாடுகளில் புதிய எதிர்சீரமும், அளவு உறுதிசெய்யப்பட்ட புதிய ஒப்பீட்டு ஆன்டிஜெனும் ஆயத்தமாக வேண்டியிருப்பதால், அதற்குச் சில மாதங்கள் பிடிக்கின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் தடுப்பூசி முடிந்து காத்திருக்க, அதை அளக்கும் சீரம் வராமலிருக்கும் நிலை ஏற்படக்கூடும். மாற்று முறைகளை உருவாக்கும் ஆய்வாளர்கள் இன்று முயல்வது, அந்த வளையத்தைப்போலவே உரு கெடாத புரதத்தை மட்டும் பிரித்தறியும், ஆனால் ஆடுகளுக்காகக் காத்திராத ஒரு சோதனையை அமைப்பதற்கே.